தெருமுனை மரத்தை நகத்தில் வரைவது: டர்பன் வசந்தத்துக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த இரண்டு மாதமும் இலை உதிரும் காலம். இங்கே வசந்தம் செப்டம்பர் முதல் தேதி பிறக்கிறது. ஆவணியின் நடுவில் தொடங்கி, புரட்டாசி விரதம் முழுக்க நீண்டு, ஐப்பசியில் தீபாவளி விளக்கேற்றும்போதும் மரங்கள் பூத்துக்கொண்டுதான் இருக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் தீபாவளிக்கு நகம் அழகுபடுத்த உட்கார்ந்தால் சன்னலுக்கு வெளியே நிஜமாகவே வசந்தம் நிற்கிறது.

ஆனால் அவர்கள் கைப்பேசியில் கொண்டுவரும் மாதிரிப் படங்களில் பாதிக்கு மேல் செர்ரிப் பூ. ஓர் இளஞ்சிவப்புக் கிளை, பின்னால் பனி மூடிய மலை. அண்ணன் மகள் அப்படி ஒரு படத்தை நீட்டியபோது, "இந்த மரத்தை நீ எங்கேம்மா பார்த்தே?" என்று கேட்டேன். பார்த்ததில்லை. "நம்ம தெருமுனையில இலையே இல்லாம சிவப்பா பூத்திருக்கே, அது?" தினமும் அதன் அடியில்தான் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். அன்று அவள் நகத்தில் அந்த மரத்தைத்தான் வரைந்தோம். பார்த்துப் பழகிய மரம் என்றால் கை தயங்காது. கிளை எங்கே வளையும், பூ எங்கே உட்காரும் என்று கைக்கு முன்னமே தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்தக் கட்டுரை தூரிகையே பிடித்திராதவர்களுக்கு. ஒரு மாலைப் பொழுதும் சமையலறை மேசையும் போதும்.

எதை வரையலாம்

எங்கள் தெருமுனை மரத்துக்கு இங்குள்ள ஜூலு மொழியில் பெயர் உம்சின்சி. ஆயா அதைக் கல்யாண முருங்கை என்றுதான் சொல்வார். சொன்னதில் தப்பில்லை, ஊர்க் கல்யாண முருங்கைக்கு இது நெருங்கிய சொந்தம். இலை வருவதற்கு முன்பே வெறும் கிளையில் பூத்துவிடும். அது பூத்தால் விதைக்கும் காலம் வந்தது என்று இந்த நாட்டு மக்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் முயற்சிக்கு இதுதான் என் பரிந்துரை. இலையே வரைய வேண்டாம். நாலு கிளை, கிளை நுனியில் சிவப்பு, அவ்வளவுதான்.

பிரிட்டோரியாவில் இருப்பவர்களுக்கு ஜக்கராந்தா. அக்டோபரில் தெருவுக்குத் தெரு ஊதாக் கூரை போட்டு, கீழே ஊதாப் பாய் விரித்துவிடும். மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1888 வாக்கில் பிரிட்டோரியாவில் முதல் கன்றுகள் நடப்பட்டன. இன்று ஊருக்கே ஜக்கராந்தா நகரம் என்று பேர். பரீட்சை நேரத்தில் அதன் பூ தலையில் உதிர்ந்தால் தேர்ச்சி நிச்சயம் என்று அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்கள் நம்புகிறார்கள். வரைய அழகு, ஆனால் ஊதா நிறம் கலப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, மேற்கே நமக்வாலாந்தின் காட்டுப்பூ வெளி. ஆகஸ்ட், செப்டம்பரில் வறண்ட மண்ணெல்லாம் ஆரஞ்சுப் பூவாகிவிடும். பூக்கள் வெயில் இருந்தால்தான் விரியும், சூரியன் இருக்கும் பக்கம் முகம் காட்டும். வரைய வேண்டியது புள்ளிகள் மட்டுமே.

எதை எடுத்தாலும் பின்னணி ஒன்றுதான்: வானம், தூரத்து மலை, பக்கத்து மேடு.

மேசையில் வேண்டியவை

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விளக்கின் அடியில் கை வைத்து இறுக வைக்கும் ஜெல். மற்றது சாதாரண நெயில் பாலிஷ் அடியில், அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தில் படம். முதல்முறை வரைகிறவர்கள் இரண்டாவதை எடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். அக்ரிலிக் தண்ணீரில் கரையும் வண்ணம். கிளை கோணலாகப் போனால், காய்வதற்குள் ஈரத் தூரிகையால் துடைத்தால் போய்விடும், அடியில் உள்ள பாலிஷுக்கு ஒன்றும் ஆகாது. பாலிஷின் மேல் பாலிஷாலேயே படம் வரைந்தால் இந்த வசதி கிடையாது. மேல் பூச்சு கீழ்ப் பூச்சைக் கரைத்து இரண்டும் குழம்பும். ஜெல்லில் இன்னொரு கவலை: இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் சிலருக்கு நாளடைவில் ஒவ்வாமை வந்துவிடும். கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

அக்ரிலிக்கில் ஆறு குழாய் போதும்: வெள்ளை, அடர்நீலம், எலுமிச்சை மஞ்சள், சிவப்பு, மஜெந்தா, பழுப்பு. கறுப்பு வாங்க வேண்டாம். பழுப்பில் நீலம் சேர்த்தால் கிடைக்கும் கருமை கடைக் கறுப்பைவிட மரத்துக்குப் பொருந்தும். பச்சையும் வேண்டாம், நாமே கலக்கப் போகிறோம்.

பாலிஷில் பேஸ் கோட் (அடிப்பூச்சு), வெள்ளை, வெளிர்நீலம், டாப் கோட் (கடைசியில் மூடும் பூச்சு). தூரிகையில் ஓவியக் கடையில் கிடைக்கும் 000 அளவு ஒன்று, அதைவிடச் சற்றுப் பருத்தது ஒன்று. பல்குச்சி நாலைந்து. முகப்பூச்சுக்கு வைத்திருக்கும் ஸ்பாஞ்சில் சின்னத் துண்டு. வாஸ்லின், பஞ்சு, ரிமூவர். வண்ணம் கலக்க ஒரு பழைய பீங்கான் தட்டு. சன்னலைத் திறந்து வையுங்கள், பாலிஷின் வாடை மூடிய அறையில் தலைவலி தரும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். காற்று நேராக அடித்தால் பூச்சின் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கிக் குமிழி விடும். குப்பியையும் குலுக்காதீர்கள், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும்.

நகத்தைத் தயார் செய்தல்

பழைய பூச்சை எடுத்துவிட்டு, அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னுமாக அறுப்பதுபோல் தேய்த்தால் நுனி ஏடு ஏடாகப் பிரியும். நகத்தின் அடியோரத் தோலை வெட்டக் கூடாது, மெல்லப் பின்னால் தள்ளினால் போதும். அந்தத் தோல்தான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது.

பூசுவதற்கு முன் கையைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சிச் சற்று விரியும்; அதன்மேல் பூசிய பிறகு ஈரம் வற்றி நகம் சுருங்கும்போது பூச்சு பிடி விடும். பாத்திரம் துலக்கிவிட்டு வந்து நேராக உட்காராதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். கடைசியாகப் பஞ்சில் ரிமூவர் தொட்டு ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் இரண்டு முறை.

பேஸ் கோட் ஒன்று. இதைத் தவிர்த்தால் நிறமிகள் நகத்தில் ஏறி மஞ்சளாக்கும். பிறகு வெள்ளை, மெல்லிசாக இரண்டு தடவை, இடையில் மூன்று நிமிடம் விட்டு. ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் மணிக்கணக்கில் காயாது.

எது மேலே, எது கீழே

தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. கையை நீட்டி நாமே பார்க்கும்போது நக நுனி மேலே இருக்கும். எதிரில் இருப்பவருக்கு அதுவே கீழே. நான் எப்போதும் போட்டுக்கொள்கிறவர் பார்வைக்கே வரைகிறேன்: நுனியில் வானம், விரல் பக்கம் நிலம். நாள் முழுக்க அந்தக் கையைப் பார்க்கப் போவது அவர்தானே. இதில் வேறு பயனும் உண்டு. பூச்சு முதலில் தேய்வது நுனியில். அங்கே வெளிர் வானம் இருந்தால் தேய்ந்தது கண்ணில் படாது.

வானம்

விரல் ஓரத் தோலில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள், நகத்தின் மேல் படாமல். ஸ்பாஞ்சைச் சற்று ஈரமாக்கிப் பிழிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாலிஷை எல்லாம் அதுவே குடித்துவிடும். அதில் வெளிர்நீலம் ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை, ஒட்டினாற்போல் பூசி, நகத்தில் மெல்ல ஒற்றி ஒற்றி எடுங்கள். நீலம் நுனிப் பக்கம், வெள்ளை நடுப் பக்கம். இரண்டும் சேரும் இடத்தில் ஸ்பாஞ்சை ஒரு மயிரிழை மேலும் கீழுமாக நகர்த்தி ஒற்றினால் எல்லைக்கோடு கரைந்துவிடும்.

நீலம் ஏன் மேலே? கடற்கரைக்குப் போய் நின்று பாருங்கள். தலைக்கு மேலே வானம் ஆழ்ந்த நீலம், கடலைத் தொடும் இடத்தில் வெளுத்திருக்கும். புதியவர்கள் ஒரே நீலத்தை முழுக்கப் பூசிவிடுகிறார்கள், அது சுவர் மாதிரி நிற்கிறது.

இப்போது இருபது நிமிடம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே கெடும். விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வது வேறு, உள்ளே வரை இறுகுவது வேறு.

மலையும் மேடும்

டர்பனிலிருந்து லேடிஸ்மித் பக்கம் வண்டியில் போனவர்களுக்கு டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் தூரத்தில் தெரியத் தொடங்கும் இடம் நினைவிருக்கும். ஜூலுவில் உகாஹ்லாம்பா, ஈட்டிகளின் அரண் என்று பொருள். கிட்டப் போனால் அது புல்லும் பாறையும். எட்ட நின்றால் நீலம், வானத்தைவிட ஒரு சாயல்தான் கூடுதல். நடுவில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடித்துத் தூரத்தை நீலமாக்கிவிடுகிறது. இதை நகத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் மைல்கணக்கான தூரம் கிடைக்கும். தூரத்தில் இருப்பதை முதலில், வெளிறிய நீலத்தில். கிட்டே வர வர அடர்த்தியாக, மஞ்சள் கூட்டி. நிலக்காட்சி முழுவதும் இந்த ஒரு விதிமேல்தான் நிற்கிறது.

நகத்தின் நீளத்தை மனசுக்குள் மூன்றாகப் பிரியுங்கள். மேல் இரண்டு பங்கு வானம், கீழ் ஒரு பங்கு நிலம். வெள்ளையில் துளி நீலமும் அதைவிடக் குறைந்த மஜெந்தாவும் கலந்து, அந்த எல்லையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே நிரப்புங்கள். வண்ணம் பாலின் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் பளபளப்பான பாலிஷின் மேல் முத்து முத்தாக உருண்டு ஒட்டாது. அப்படி உருண்டால் தண்ணீரைக் குறையுங்கள். அல்லது வானத்தின் மேல் மங்கல் வகை டாப் கோட் ஒன்று பூசிக் காயவிட்டுத் தொடருங்கள், அதில் வண்ணம் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்து பக்கத்து மேடு. நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பச்சை, அதில் பல்குச்சி முனையளவு பழுப்பு. பழுப்பு சேர்க்காத பச்சை பிளாஸ்டிக் வாளி நிறத்தில் கத்தும். கடைசியாக விரலோரத்தில் மஞ்சள் தூக்கலான இளம்பச்சை. குளிர்காலத்தில் எரித்துவிட்ட புல்வெளி முதல் மழைக்குப் பிறகு காட்டும் பச்சை அது. கரிந்த தரையும் தளிரும் ஒன்றாகத் தெரியும் அந்த இரண்டு வாரம் எனக்கு உயிர். விரும்பினால் தளிர்ப் பச்சைக்கு நடுவில் கருமையாக நாலு கீற்று விட்டுப் பாருங்கள்.

நகத்தின் இரண்டு பக்க வளைவிலும் வண்ணம் ஓரம்வரை போக வேண்டும். நடுவில் மட்டும் வரைந்து நிறுத்தினால் ஒட்டுப்படம் போலிருக்கும். ஆள்காட்டி விரலின் மலைக்கோடு நடுவிரலை ஒட்டிய ஓரத்தில் எந்த உயரத்தில் முடிகிறதோ, நடுவிரலின் மலை ஆள்காட்டி விரலை ஒட்டிய ஓரத்தில் அதே உயரத்தில் தொடங்கட்டும். விரல்களைச் சேர்த்து வைத்தால் ஒரே மலைத்தொடராக ஓடும். நகத்துக்கு நகம் நீளம் மாறுமே என்று கவலைப்படாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும்.

மரம்

எல்லா நகத்திலும் மரம் வேண்டாம். மோதிர விரலில் ஒன்று, ஆசை இருந்தால் கட்டைவிரலில் ஒன்று. மற்றவற்றில் வானமும் மலையும் காலியாக இருந்தால்தான் மரத்துக்கு மதிப்பு.

பழுப்பும் நீலமும் கலந்த கருமையை 000 தூரிகையில் எடுத்து, முனையைத் தட்டின் விளிம்பில் உருட்டிக் கூராக்குங்கள். நிலத்திலிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. தொடங்கும்போது சற்று அழுத்தி, போகப் போக அழுத்தத்தைக் குறைத்தால் அடிமரம் தடித்தும் கிளை மெலிந்தும் தானாக வரும். பிறகு பக்கக் கிளைகள். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த இழுப்பு உடனே பிடிபடுகிறது. ஆயா வாசலில் மாவிழுக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டேதான் கோட்டை இழுப்பார். மூச்சை அடக்கினால் கை நடுங்கும் என்பார். தூரிகைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

உம்சின்சிப் பூ புள்ளி இல்லை. மேல்நோக்கி நிற்கும் குட்டிச் சுடர்கள். கிளை நுனி ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு சின்னக் கீற்றை விசிறிபோல் விரித்து வையுங்கள். முதலில் பழுப்பு கலந்த அடர்சிவப்பு, அதன்மேல் தெளிவான சிவப்பு, கடைசியில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் மஞ்சள் கலந்த சிவப்பு. வெயில் படும் பக்கத்தை முன்பே முடிவு செய்து, வெளிர்நிறத்தை அந்தப் பக்கமே வையுங்கள்.

ஜக்கராந்தாவுக்குப் பல்குச்சிப் புள்ளி. சிக்கல் என்றேனே, அது இதுதான்: நீலத்தில் சாதாரண சிவப்பைக் கலந்தால் ஊதா வராது, சேற்று நிறம்தான் வரும். அந்தச் சிவப்பிலேயே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மஜெந்தாவைக் கலந்தால்தான் சுத்தமான ஊதா. அடர் ஊதாப் புள்ளிகள் முதலில், மேலே வெள்ளை கூட்டிய வெளிர் ஊதா. புள்ளிகளுக்கு இடையில் அங்கங்கே வானம் தெரிய இடம் விடுங்கள். மரத்தடியில் அதே ஊதாவைப் படுக்கைவாட்டில் இரண்டு கீற்று இழுத்தால் உதிர்ந்த பூ.

நமக்வாலாந்து வரைபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலையடியில் ஊசி முனையளவு புள்ளி, கிட்ட வர வரப் பெரிது, இடைவெளியும் அதிகம். விரலோரத்தில் இருக்கும் மூன்று நான்கு பூவுக்கு மட்டும் இதழ்.

வலக்கைக்காரர் வலக்கையில் வரைவது கடினம்தான். தூரிகை பிடித்த இடக்கையை மேசையில் அசையாமல் ஊன்றி, வரையப்படும் விரலை நகர்த்துங்கள். முடிந்தால் அக்காவையோ அத்தையையோ உட்கார வைத்து மாற்றி மாற்றி வரைந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான், பேச்சும் நடக்கும்.

மூடும் பூச்சு

நான் வரையத் தொடங்கிய முதல் வருடம் தீபாவளிக்கு முந்தின இரவு, பூ காய்வதற்குள் டாப் கோட் போட்டுவிட்டேன். சிவப்பு முழுவதும் வானத்தில் இழுபட்டு, இரண்டு மணி நேர வேலை ஒரு நொடியில் போனது. அழுதுகொண்டே துடைத்தேன். அதனால் சொல்கிறேன், வண்ணம் காய முழுசாகக் கால் மணி நேரம் கொடுங்கள். அதுவரை கையில் தண்ணீர் படக் கூடாது, மூடாத அக்ரிலிக் ஈரத்தில் உரிந்து வரும்.

டாப் கோட்டைத் தூரிகை நிறைய எடுங்கள். தூரிகையின் மயிர் படத்தைத் தொடாமல், துளி மட்டும் நகத்தின் மேல் ஓடுகிற மாதிரி ஒரே இழுப்பு. திரும்ப அதே இடத்துக்கு வராதீர்கள். நுனியின் வெட்டு விளிம்பிலும் ஒரு தடவு. மறுநாள் இன்னொரு பூச்சு போட்டால் ஒரு வாரம் தாங்கும்.

கையால் சாப்பிடுகிறவர்கள் நாம். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய எங்கள் ஊர்ப் பன்னி சௌ ஒன்று போதும், மஞ்சள் கறை வெள்ளை வானத்தில் ஏறிவிடும். சாப்பிடுமுன் நகத்தில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாகப் பிடிக்காது. பிடித்துவிட்டால் கையை வெயிலில் காட்டுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு

நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு வளர்கிறது. ஒரு வாரத்தில் விரலோரத்தில் மெல்லிய இடைவெளி தெரியும். நிலம் அங்கே இருப்பதால் அதைச் சரிசெய்வது எளிது. ரிமூவரால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, பேஸ் கோட் தொட்டு, காய்ந்ததும் இளம்பச்சையில் புல் கீற்று நாலு போட்டு, மேலே டாப் கோட். புது மண்ணில் புல் முளைத்த மாதிரியே இருக்கும்.

அண்ணன் மகள் இரண்டாவது வாரம் வந்தபோது புல்லோடு விடவில்லை. தெருமுனை மரத்தில் பூ உதிர்ந்து தளிர் வந்துவிட்டது என்று, பல்குச்சியில் பச்சை தொட்டு, தன் மோதிர விரல் மரத்தின் கிளைகளிலும் ஒவ்வொன்றாக இலை வைத்தாள்.